யாரால் என்று சொல்லாத வாக்கியம்

ஆங்கிலச் செயப்பாட்டுவினையை நம் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் கற்பிக்கின்றன. செய்வினை வாக்கியம் ஒன்றைக் கொடுப்பார்கள். செயப்படுபொருளை முன்னுக்குக் கொண்டுவந்து, வினையை மாற்றி, கடைசியில் 'பை' (by) போட்டுச் செய்தவரின் பெயரை எழுதச் சொல்வார்கள். ராமன் ராவணனைக் கொன்றான். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். ரென் - மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வைத்து இந்தப் பயிற்சியைச் செய்து தேறிய தலைமுறைகள் நம்மிடையே பல. அந்தப் பயிற்சியிலிருந்து மாணவர் இரண்டு எண்ணங்களோடு வெளியே வருகிறார். இரண்டு வாக்கியங்களும் ஒரே பொருளைத்தான் தருகின்றன என்பது ஒன்று. 'பை' இல்லாமல் செயப்பாட்டுவினை முழுமை பெறாது என்பது இன்னொன்று. எழுதப்பட்ட உண்மையான ஆங்கிலத்தை எடுத்துப் பார்த்தால் இரண்டும் நிற்பதில்லை.

ராண்டால்ஃப் குவெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட பெரும் ஆங்கில இலக்கணம், செயப்பாட்டுவினை வாக்கியங்களில் ஏறத்தாழ ஐந்துக்கு நான்கில் செய்தவர் குறிப்பிடப்படுவதே இல்லை என்கிறது. வகுப்பறையில் கட்டாயமாக எழுதவைக்கும் அந்த 'பை', நடைமுறையில் ஐந்தில் ஒரு வாக்கியத்தில்தான் வருகிறது. டக்ளஸ் பைபர் குழுவினரின் லாங்மேன் இலக்கணம் (1999), கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட தரவகத்தை வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தது. கல்விசார் உரைநடையில் முற்றுவினைகளில் சுமார் 25 சதவீதம் செயப்பாட்டுவினை. செய்தித்தாளில் சுமார் 15 சதவீதம். அன்றாட உரையாடலில் சுமார் 2 சதவீதம். ஆகவே இது பேச்சில் அரிதாகவும் எழுத்தில் தாராளமாகவும் புழங்கும் வடிவம். எழுதுகிறவர்கள் ஏதோ ஒரு தேவைக்காகவே இதைத் தேடிப் போகிறார்கள்.

அந்தத் தேவையின் வேர் ஆங்கிலத்தின் சொல்வரிசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கு முதலிடம், செயப்படுபொருளுக்கு வினைக்குப் பின்னுள்ள இடம். இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். தமிழில் வேற்றுமை உருபு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. 'பாம்பன் பாலத்தை 1914-இல் திறந்தார்கள்' என்று பாலத்தை முன்னால் வைத்து, திறந்தவர் யார் என்று சொல்லாமல், செய்வினையிலேயே முடித்துவிடலாம். ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பத்தியில் பாலத்தையே அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாக்க வேண்டுமென்றால், 'தி பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட்' என்று பாலத்தை எழுவாய் இடத்தில் ஏற்றியாக வேண்டும். வாசகர் அறிந்ததிலிருந்து அறியாததற்கு நகர்வது நல்ல உரைநடையின் இயல்பு. அந்த நகர்வுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் கருவிகளில் முக்கியமானது இது. 'பை' வரும் ஐந்தில் ஒரு பங்கிலும் இதே இயல்பைக் காணலாம்: அங்கே செய்தவர் பெரும்பாலும் வாசகருக்குப் புதியவர், நீண்ட சொற்றொடரால் அறிமுகம் செய்ய வேண்டியவர். அதனால்தான் அவர் வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறார்.

இவ்வளவு இயல்பான வடிவத்துக்கு 20-ஆம் நூற்றாண்டில் கெட்ட பெயர் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூலில் செய்வினையைப் பரிந்துரைத்தார். அவருடைய மாணவர் ஈ. பி. வைட் 1959-இல் அதைத் திருத்தி விரிவாக்கி வெளியிட, அமெரிக்கக் கல்லூரிகளில் அது வேதமாயிற்று. இடையில் 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் 'ஹொரைசன்' இதழில் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, செய்வினை கைகொடுக்கும் இடத்தில் செயப்பாட்டுவினையைத் தொடவே கூடாது என்று விதித்தது. ஆனால் மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனத்தின் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி (1989) எண்ணிப் பார்த்தபோது, ஆர்வெலின் அந்தக் கட்டுரையிலேயே 20 சதவீதத்துக்குச் சற்று மேல் செயப்பாட்டுவினை இருந்தது. பல பருவ இதழ்களை ஆராய்ந்த பழைய ஆய்வுகளில் கிடைத்த உச்ச அளவே 13 சதவீதம்தான். ஸ்ட்ரங்க் - வைட் நூலின் நிலையும் அதுவே. செய்வினையாக மாற்றிக் காட்டுவதற்காக அது தரும் நான்கு எடுத்துக்காட்டுகளில் மூன்று செயப்பாட்டுவினையே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009-இல் சுட்டிக்காட்டினார். ஆர்வெல் நேர்மையான எழுத்தாளர். அவருடைய கோபம் அதிகாரத்தின் மூடுமந்திரத்தின் மீது. அந்தக் கோபம் நியாயமானது. அதை ஒரு வினை வடிவத்தின் தலையில் கட்டியதுதான் பிழை என்பேன்.

அறிவியல் எழுத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1672-இல் ஒளியையும் நிறங்களையும் பற்றி ராயல் சொசைட்டி இதழில் எழுதிய நியூட்டன், 'நான்' என்றே தொடங்கித் தான் செய்ததைச் சொன்னார். ஆய்வாளர் பின்னுக்குப் போய் ஆய்வுப்பொருள் முன்னுக்கு வந்தது பிந்திய காலத்து வழக்கம். 1953-இல் டி.என்.ஏ.வின் அமைப்பை அறிவித்த வாட்சனும் கிரிக்கும் 'நாங்கள்' என்றே தொடங்கினார்கள். 'நேச்சர்' இதழ் குழுமம் இன்று கட்டுரையாளர்களிடம் செய்வினையையே விரும்புகிறது. 1961-ஆம் ஆண்டு அமெரிக்க அச்சு எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டிய பிரவுன் தரவகத்தை, அதே அச்சில் முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரட்டிய தரவகத்தோடு ஒப்பிட்ட மொழியியலாளர்கள், செயப்பாட்டுவினை தெளிவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். வசை பலித்திருக்கிறது.

பொறுப்பை மறைக்கும் வடிவம் என்பதுதான் இதன் மீது வைக்கப்படும் கனமான குற்றச்சாட்டு. சாட்சியாக எல்லோரும் காட்டுவது 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்ற அமெரிக்க அரசியல் வாக்கியத்தை. தவறுகள் செய்யப்பட்டன, யார் செய்தார் என்பதற்குப் பதில் இல்லை. அதிபர் கிராண்ட் 1876-இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தம் கடைசி ஆண்டுச் செய்தியில் இதையொட்டிய வாக்கியத்தை எழுதினார். நிக்சனின் செய்திச் செயலர் ரான் சீக்லர் 1973-இல் சொன்னார். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் ரீகன் 1987 ஜனவரி 27 அன்று சொன்னார். ரீகனின் உரையை முழுதாகப் படித்தால் மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிட்ட ஒன்று கண்ணில் படும். அந்த வாக்கியத்துக்குச் சற்று முன்புதான் அவர், நான் ஓர் ஆபத்தான முயற்சியில் இறங்கினேன், அது பலிக்கவில்லை, அதற்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன் என்று செய்வினையில், தன்மையில் சொல்லியிருக்கிறார். கிராண்டும் அதே வாக்கியத்துக்குள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார். இவர்களை நான் நல்லவர்கள் என்று வாதாடவில்லை. ஒரு வாக்கியத்தைப் பிய்த்தெடுத்து அதன் வினை வடிவத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது ஆராய்ச்சி ஆகாது என்கிறேன்.

மறைக்க விரும்புகிறவருக்குச் செயப்பாட்டுவினை தேவையும் இல்லை. 'தவறுகள் நேர்ந்தன' என்பது செய்வினை. 'துப்பாக்கி வெடித்தது', 'கூட்டத்தில் பதற்றம் பரவியது', 'விலை ஏறியது' எல்லாம் செய்வினையே. 'செய்யப்பட்டன' என்றாலாவது செய்த ஒருவர் உண்டு என்று வாக்கியமே ஒப்புக்கொள்கிறது, 'யாரால்?' என்று எழுந்து கேட்க இடம் இருக்கிறது. 'நேர்ந்தன' என்பதில் அந்தக் கேள்வியை மாட்டுவதற்கு ஆணியே இல்லை. ஆகவே பொறுப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறவர் வினையின் வடிவத்தோடு நின்றுவிடக் கூடாது. செய்தவர் அந்தப் பத்தியில் வேறெங்காவது நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

நம் அரசு அலுவலகங்களின் ஆங்கிலக் கடிதம் 'ஐ ஆம் டைரக்டட்' என்று தொடங்கும் வழக்கமும் பொறுப்பை மறைப்பதுபோலத் தோன்றும், ஆனால் மறைப்பதில்லை. கையெழுத்திடும் சார்புச் செயலர் முடிவெடுத்தவர் அல்ல. முடிவைத் தெரிவிக்கப் பணிக்கப்பட்டவர். அதை அந்தச் செயப்பாட்டுவினை சரியாகவே சொல்கிறது.

எதைச் செயப்பாட்டுவினையில் வைப்பது, எதைச் செய்வினையில் வைப்பது என்று நன்கு தெரிந்து எழுதப்பட்ட ஆவணம் 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனம். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது செய்தவரைச் சொல்லாத செயப்பாட்டுவினை. உரிமைகள் அவர்களுக்கு அளிக்கப்பட்டிருக்கின்றன என்ற அடுத்த கூற்றில் 'பை' வருகிறது. படைத்தவனால் அளிக்கப்பட்டவை என்பதால் மன்னன் பறிக்க முடியாதவை. பிறகு மூன்றாம் ஜார்ஜின் மீது குற்றச்சாட்டுகள் தொடங்கியதும் நடை மாறுகிறது. அவர் இதைச் செய்தார், அவர் இதை மறுத்தார் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் 'அவர்' முன்னால் வந்து நிற்கிறார். அதை வரைந்த ஜெஃபர்சனின் மை எழுவாய் இடத்தில் யாரை ஏற்றுவது என்பதை யோசித்தே எழுதியிருக்கிறது.

சட்ட எழுத்தில் இந்தத் தேர்வு மனிதர்களின் வாழ்வைத் தொடுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வன்குற்றத்தின்போது துப்பாக்கியைப் பயன்படுத்துகிறவருக்கும் ஏந்துகிறவருக்கும் குறைந்தது 5 ஆண்டு என்று செய்வினையில் தொடங்குகிறது. துப்பாக்கி சுடப்பட்டால் 10 ஆண்டு என்று செயப்பாட்டுவினையில் முடிகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் வங்கியைக் கொள்ளையடித்தவர் ஒருவர் பணத்தை அள்ளும்போது கைத்தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது, யாருக்கும் காயமில்லை. 10 ஆண்டு பொருந்துமா? பொருந்தும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தந்த காரணங்களுள் ஒன்று வினையின் வடிவம்: செயப்பாட்டுவினை நிகழ்ச்சியை மட்டும் பார்க்கிறது, செய்தவரையோ அவர் எண்ணத்தையோ பார்ப்பதில்லை. 2023-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாக இன்னொரு தீர்ப்பு சொன்னது. மோசடியால் பெறப்பட்ட பணத்துக்கான கடன் திவால் சட்டத்தால் தள்ளுபடி ஆகாது என்கிறது சட்டம். யாருடைய மோசடி என்று அது சொல்லவில்லை. ஆகவே வீடு விற்பனையில் கணவர் செய்த மோசடிக்கு, அதை அறியாத மனைவியும் கடன்பட்டவராகவே நின்றார். சொல்லாமல் விட்ட ஒரு 'பை' அவருடைய விடுதலையை எடுத்துக்கொண்டது. இந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. என்றாலும் வாக்கியம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்க அரசமைப்பிலேயே இந்தச் சிக்கல் பழையது. முதல் திருத்தம் நாடாளுமன்றத்தை எழுவாயாக வைத்து, அது இன்ன சட்டம் இயற்றக் கூடாது என்கிறது. ஐந்தாம் திருத்தமோ இழப்பீடு இல்லாமல் தனியார் சொத்து எடுக்கப்படக் கூடாது என்று யாரையும் சுட்டாமல் சொல்கிறது. பால்டிமோர் நகராட்சியின் தெருப்பணிகளால் மணல் சேர்ந்து தன் படகுத்துறை பயனற்றுப் போயிற்று என்று பாரன் என்ற உரிமையாளர் வழக்காடினார். யாராலும் என்று பொருள்பட எழுதிய அந்தப் பிரிவு மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833-இல் தலைமை நீதிபதி மார்ஷல் முடிவு சொன்னார். இலக்கணம் வழியைத் திறந்துவைத்தது, நீதிமன்றம் சாத்திவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 14-ஆம் திருத்தம் 'எந்த மாநிலமும்' என்று எழுவாயை வெளிப்படையாகவே வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு, விடுதியும் நாடக அரங்கும் கறுப்பினத்தவரை வாசலில் நிறுத்துவது தனியாரின் செயல், மாநிலத்தின் செயல் அல்ல என்று 1883-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வாசல்களைத் திறக்கும் சட்டம் வர 1964 ஆயிற்று.

இந்தப் பின்னணியோடு இந்திய அரசமைப்பில் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பகுதியை ஆங்கில மூலத்தில் படிக்க வேண்டும். 14-ஆம் பிரிவின் எழுவாய் அரசு: சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு யாருக்கும் மறுக்கக் கூடாது. 15-இன் முதல் உட்பிரிவும் அதேபோல, அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இரண்டாம் உட்பிரிவில் எழுவாய் மாறுகிறது. கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் ஆகியவற்றில் எந்தக் குடிமகனும் சாதி, மதம் முதலான காரணங்களால் தடைக்கு உட்படுத்தப்படக் கூடாது. உட்படுத்துகிறவர் யார்? அரசு என்று எழுதவில்லை. யார் என்றுமே எழுதவில்லை. கடைக்காரரும் அதில் அடங்குவார். 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் 'கடை' என்பதன் எல்லை என்ன என்ற கேள்வி வந்தபோது, நாடிவருகிறவருக்குச் சேவை தர ஒருவர் முன்வரும் இடமெல்லாம் கடைதான் என்று அம்பேத்கர் பொருள் சொன்னார்.

அதே நாளில் அவை ஏற்றுக்கொண்டதுதான் இன்றைய 17-ஆம் பிரிவு. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, அதை எந்த வடிவிலும் கடைப்பிடிப்பது தடைசெய்யப்படுகிறது. இரண்டு வினைகள், இரண்டும் செய்தவர் இல்லாத செயப்பாட்டுவினை. ஒழிக்கப்பட வேண்டும் என்றோ அரசு ஒழிக்கும் என்றோ எதிர்காலத்துக்குத் தள்ளவில்லை, நிகழ்காலத்தில் நிற்கிறது. சொல்வதே செயலாகும் கூற்றுகளைப் பற்றி 1955-இல் ஹார்வர்டில் பேசிய தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின், அத்தகைய கூற்றுகள் தன்மையில்தான் வர வேண்டும் என்பதில்லை, எச்சரிக்கைப் பலகைகளைப் போலச் செயப்பாட்டுவினையிலும் வரும் என்று காட்டினார். 17-ஆம் பிரிவு அந்த இனத்தைச் சேர்ந்தது. அந்த வாக்கியம் நடைமுறைக்கு வந்த கணத்தில் சட்டத்தின் கண்ணில் தீண்டாமை இல்லை. அதைக் கடைப்பிடிக்கக் கூடாதவர் யார் என்று குறிக்காததால் அரசு அலுவலர், பண்ணையார், தேநீர்க் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எவரும் அதன் பிடிக்கு வெளியே இல்லை. 'அரசு தீண்டாமையைக் கடைப்பிடிக்கக் கூடாது' என்று செய்வினையில் எழுதியிருந்தால், ஸ்ட்ரங்க் மகிழ்ந்திருப்பார். சேரியின் எல்லையில் எதுவும் மாறியிருக்காது.

மனித வணிகமும் கட்டாய உழைப்பும் தடைசெய்யப்படுகின்றன என்ற 23-ஆம் பிரிவும், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு அமர்த்தப்படக் கூடாது என்ற 24-ஆம் பிரிவும் இதே வார்ப்பு. 17-க்கு அடுத்த 18-ஆம் பிரிவை இவற்றோடு வைத்துப் பார்த்தால் கைத்திறன் விளங்கும். அதுவும் செயப்பாட்டுவினைதான்: ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிரப் பட்டம் எதுவும் வழங்கப்படக் கூடாது. ஆனால் அங்கே 'பை தி ஸ்டேட்' என்று அரசைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அரசால் வழங்கப்படக் கூடாது. இலக்கிய மன்றமும் ரசிகர் மன்றமும் தரும் பட்டங்களுக்கு இந்தத் தடை இல்லை. பட்டத்தில் போட்ட 'பை'யைத் தீண்டாமையில் போடவில்லை. வரைவாளர் எஸ். என். முகர்ஜி, சிக்கலான கருத்துகளையும் மிக எளிய, தெளிவான சட்ட வடிவில் வைக்க வல்லவர் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அவையில் பாராட்டினார். அந்தப் பாராட்டு எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு இந்த இரண்டு பிரிவுகளே போதும்.

நீதிமன்றங்கள் இதை எடுத்தாண்டன. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் ஒப்பந்தக்காரர்கள் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரவில்லை என்ற வழக்கில், 17, 23, 24 ஆகியவை அரசுக்கு எதிராக மட்டுமல்ல, உலகம் முழுமைக்கும் எதிராகச் செல்லும் உரிமைகள் என்று 1982-இல் நீதிபதி பகவதி எழுதினார். 1996-இல் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்தும்படி முதலாளிகளுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் கட்ட வேண்டியவர்கள் தனியார் ஆலைக்காரர்கள். 24-ஆம் பிரிவு 'அரசு' என்று தொடங்கியிருந்தால் அவர்களை அரசமைப்பின் பெயரால் தொட்டிருக்க முடியாது.

இலக்கணம் மட்டுமே தீர்மானிக்கிறது என்று சொல்ல முடியாது. உயிரும் தனிமனித விடுதலையும் பறிக்கப்படக் கூடாது என்ற 21-ஆம் பிரிவும் செய்தவரைச் சொல்லாத வாக்கியம்தான். அது அரசுக்கு எதிரான பாதுகாப்பாகவே நெடுங்காலம் படிக்கப்பட்டது. அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் அதை நாடலாம் என்று 2023 ஜனவரியில் அரசமைப்பு அமர்வின் பெரும்பான்மை சொன்னபோதும், ஒரு நீதிபதி மாறுபட்டார். வாக்கியம் இடம் விட்டுவைக்கும். அதற்குள் நுழைவதா என்பதை மனிதர்கள் முடிவு செய்வார்கள்.

தண்டிக்க வேண்டிய இடத்தில் செயப்பாட்டுவினை போதாது என்பதையும் அந்த வரைவாளர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் 17-ஆம் பிரிவு, தீண்டாமையால் எழும் தடையைச் சுமத்துவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்று முடிந்து, தண்டனையை நாடாளுமன்றத்திடம் விட்டது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976-இன் திருத்தத்தால் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் குற்றப்பிரிவுகள் 'ஹூஎவர்' என்று தொடங்குகின்றன. எவரொருவர் கோயிலுக்குள் போகவிடாமல் தடுக்கிறாரோ, எவரொருவர் கடையில் நுழையவிடவில்லையோ, அவர் தண்டிக்கப்படுவார். ஒழிப்பதற்குச் செய்தவரற்ற வாக்கியம். குற்றவாளியைப் பிடிப்பதற்குச் செய்தவரை முன்னிறுத்தும் வாக்கியம்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ராமனையும் ராவணனையும் இடம் மாற்றும் பயிற்சி இருந்துவிட்டுப் போகட்டும். அது முடிந்த பின், அரசமைப்பின் 14, 15, 17, 18 ஆகிய நான்கு பிரிவுகளையும் ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதி, 'எங்கே யார் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், எங்கே சொல்லவில்லை, ஏன்?' என்று மாணவர்களைக் கேளுங்கள். பதில் சொல்ல ஒரு வகுப்பு நேரம் போதும்.